வாசகம் இல்லாத கார்ட்டூன்: தெற்கு கலிஃபோர்னியா நாட்குறிப்பு

வியாழன், ஹாலிவுட்

பத்திரிகைகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. கதைக்குப் படம், கட்டுரைக்குப் படம், பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு கார்ட்டூன். இதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சிலர் 1990களில் தங்கள் கார்ட்டூன் கோட்டை விட்டுக்கொடுக்காமலேயே ஓவியர்களாக மாறினார்கள். அவர்களில் பலர் விரும்பி வரைந்தது டீக்கி. அந்த ஓவியங்கள் பிறந்த தெருக்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சித்தி மகன் இர்வைனில் வேலையில் இருக்கிறான். "வாங்கக்கா, கார் இருக்கு, நான் லீவு போட்டுடறேன்" என்றான். வந்துவிட்டேன்.

டீக்கி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாலினீசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கிய மனித உருவங்கள் உண்டு. பெரிய கண், பெரிய வாய், குட்டைக் கால். நியூசிலாந்தின் மாவோரி மக்களும் மார்க்கெசஸ் தீவுக்காரர்களும் அவற்றை டீக்கி என்கிறார்கள். அமெரிக்கர்கள் அந்த முகங்களை எடுத்து, மூங்கில், மீன்வலை, ரம், அன்னாசி எல்லாவற்றோடும் சேர்த்து தங்களுக்கென்று ஒரு கற்பனைத் தீவைக் கட்டிக்கொண்டார்கள். அது முழுக்க முழுக்க உணவகக்காரர்களும் ஓட்டல்காரர்களும் சினிமாக்காரர்களும் கட்டியது. தீவுக்காரர்கள் யாரும் கட்டவில்லை.

அதன் முதல் கல் விழுந்த இடத்துக்குத்தான் காலையில் போனோம். ஹாலிவுட்டில் மெக்கேடன் பிளேஸ் என்ற சின்னத் தெரு. 1933இல் மதுவிலக்கு முடிந்த கையோடு எர்னஸ்ட் கான்ட் என்பவர் இங்கே ஒரு சின்ன மதுக்கூடம் திறந்தார். தென்கடல் தீவுகளைச் சுற்றிவந்தவர். தான் சேர்த்த பொருட்களையே சுவரில் மாட்டினார். 'டான் த பீச்காம்பர்' என்று கடைக்குப் பெயர். பின்னால் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். அடுத்த வருடம் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் கடை போட்டார். அவர்தான் பிறகு 'டிரேடர் விக்' என்ற பெயரில் புகழ்பெற்றவர். உலகப் போரில் பசிபிக் பக்கம் போன சிப்பாய்கள் திரும்பி வந்து, தீவுகளை நினைவுபடுத்தும் இடங்களைத் தேடினார்கள். 1947இல் கான்-டீக்கி என்ற கட்டுமரம் பசிபிக் கடலைக் கடந்த செய்தி வந்தது. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமாக ஆனது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் டீக்கி உணவகம், டீக்கி ஓட்டல், டீக்கி அடுக்குமாடி வீடு. 1970களில் மோகம் வடிந்தது. பல கட்டடங்களை இடித்தார்கள். அந்தக் கட்டடங்களைச் சின்னப் பிள்ளைகளாக அண்ணாந்து பார்த்தவர்கள்தான் வளர்ந்து டீக்கி ஓவியர்களானார்கள்.

மெக்கேடன் பிளேஸில் இப்போது அந்தக் கடையின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. அங்கிருந்து லாஸ் ஃபீலிஸ் பக்கம் வந்தோம்.

ஹாலிவுட் புலவார்டில் 'லா லூஸ் தே ஜீசஸ்' என்ற கேலரி. பில்லி ஷயர் என்பவர் 1986இல் தொடங்கியது. அவருடைய விளையாட்டுச் சாமான், புத்தகக் கடையைத் தாண்டித்தான் கேலரிக்குள் போக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஓவியக்கூடத்துக்குள் நுழையும்போது வரும் தயக்கம் இங்கே வராது. பொம்மை, ஸ்டிக்கர், முகமூடி எல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தால் அப்படியே ஓவியத்தின் முன்னால் நிற்கிறோம்.

கார்ட்டூனிஸ்டுகளின் ஓவியங்களுக்கு மற்ற கேலரிகள் கதவைத் திறக்காத காலத்தில் இந்த இடம் திறந்தது. இந்தக் கூட்டத்தின் மூத்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். 1960களில் எட் ராத் என்ற கார் வடிவமைப்பாளரின் பட்டறையில் விளம்பரப் படம் வரைந்தார். அப்புறம் பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே வந்த 'அண்டர்கிரவுண்ட்' காமிக்ஸான சாப் காமிக்ஸின் குழுவில் சேர்ந்தார். கூடவே எண்ணெய் வண்ணத்தில் பழைய ஐரோப்பிய ஓவியர்களின் பொறுமையோடு பெரிய ஓவியங்கள் போட்டார். 'லோப்ரோ' என்று இந்த வகைக்கு ஒரு பெயர் நிலைக்க அவர்தான் காரணம். 1994இல் ஜக்ஸ்டபோஸ் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் டெரெக் யானிகரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1990களில் மார்வெலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் வரைந்தவர். இரும்பு ரோபோக்கள், பக்கம் முழுக்கச் சண்டை. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் வேலை. அப்புறம்தான் டீக்கி முகங்களும் பாங்கோ அடிக்கும் தாடிக்காரர்களும் சிவப்புப் பிசாசுகளும் அவர் ஓவியத்துக்குள் வந்தார்கள். அந்தப் பழைய ரோபோவையும் இந்த டீக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றி முன்னால் துருத்துவது, தாடை சதுரமாக இறங்குவது, கண் பள்ளத்துக்குள் போவது எல்லாம் ஒரே கையின் பழக்கம். மாதம் தவறாமல் பக்கம் நிரப்பிய கை, அவ்வளவு சீக்கிரம் எதையும் மறக்காது.

ஷாக் என்ற ஓவியரும் 1990களில் இங்கே தனிக்கண்காட்சி வைத்தவர்தான். நிஜப் பெயர் ஜாஷ் ஏகிள். 1962இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். சின்ன வயதில் சில வருடம் ஹவாயில் வளர்ந்தார். லாங் பீச்சில் படித்தார், பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் போட்டார், ஸ்வாம்ப் சோம்பீஸ் என்ற இசைக்குழுவில் வாசித்தார். குழுவின் இசைத்தட்டுக்கு அட்டைப்படம் போட்டபோது, வாசிப்பவனே வரைந்தான் என்று தெரியக் கூடாது என்பதற்காக, ஆங்கிலத்தில் தன் பெயரின் (Josh) கடைசி இரண்டு எழுத்தையும் குடும்பப் பெயரின் (Agle) முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். அப்படி வந்ததுதான் ஷாக். அவருடைய கடை இருக்கும் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அதனால் அவரைப் பற்றி அங்கேயே எழுதுகிறேன்.

சாயங்காலம் நடந்தே டீக்கி-டீ போனோம். சன்செட் புலவார்டில், 1961இல் திறந்த மதுக்கூடம். உள்ளே ஒரு டஜன் ஸ்டூல், சில மேசைகள், அவ்வளவுதான். கூரையிலிருந்து கிளிஞ்சல், விளக்கு, வலை எல்லாம் தொங்குகின்றன. இதைத் திறந்த ரே புஹென் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். டான் பீச்சின் கடையில் ஆரம்ப காலத்திலேயே வேலை பார்த்தவர். இன்றைக்கும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. டீக்கி மதுக்கூடங்களின் புகழ் முதலாளிகள் பெயரில் இருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் நின்று ரம்மையும் பழச்சாற்றையும் அளந்து கலந்தவர்களில் நிறையப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் ஒருவர் சொந்தமாகக் கடை போட்டு, அது இத்தனை வருடம் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒருவர் 'பிளட் அண்ட் சாண்ட்' கேட்டார். உடனே கடை மொத்தமும் "டோரோ! டோரோ!" என்று கத்தியது. தம்பி வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் அவனுக்கு அன்னாசிச் சாறு.

வெள்ளி, அனஹைம்

டிஸ்னிலேண்டில் இன்று ஒரே ஒரு இடத்துக்காகத்தான் டிக்கெட் வாங்கினோம் என்று சொன்னால் தம்பி கோபித்துக்கொள்வான். மற்ற எல்லாவற்றிலும் அவன் ஏறினான். நான் என்சான்டட் டீக்கி ரூமில் இரண்டு காட்சி பார்த்தேன். வெளியே இருக்கும் தோட்டத்திலும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இது 1963 ஜூனில் திறந்தது. முதலில் உணவகமாகத்தான் திட்டமிட்டார்கள். உள்ளே கிளிகள் பேசுகின்றன, பூக்கள் பாடுகின்றன, தூணில் இருக்கும் டீக்கி முகங்கள் வாய் திறந்து மந்திரம் சொல்கின்றன. இயந்திரப் பொம்மைகள் ஒலிக்கு ஏற்ப அசையும் அந்தத் தொழில்நுட்பத்தை டிஸ்னி முதலில் முழுசாகக் காட்டியது இங்கேதான். கால் மணி நேரக் காட்சி. குழந்தைகள் கிளியைப் பார்க்கிறார்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் இந்த டீக்கிகளை வடிவமைத்தவர் ரோலி கிரம்ப். 1952இல் டிஸ்னி ஸ்டுடியோவில் அனிமேஷன் பிரிவில் சேர்ந்தவர். முக்கிய அனிமேட்டர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே வரவேண்டிய படங்களை வரைந்து நிரப்பும் வேலை. ஒரு கண் மூடித் திறக்க எத்தனை படம் வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலை. 1959இல் பூங்கா வடிவமைப்புப் பிரிவுக்கு வந்தார். டீக்கி ரூமுக்குத் தெய்வங்களை வரைந்து கொடுத்தார். சிலையாகச் செய்ய ஆள் கிடைக்காமல், அதையும் அவரே செய்யும்படி ஆனது. அதற்கு முன் சிலை செய்து பழக்கமில்லாதவர். வண்டி நிறுத்தும் இடத்தில் களிமண்ணை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் முள்கரண்டியால் கீறிக் கீறி அவற்றைச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

காத்திருக்கும் தோட்டத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. எரிமலையின் பெலே, சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்த மாவி, தங்கரோவா, ரோங்கோ. பெலேவும் மாவியும் நிஜமாகவே பசிபிக் மக்கள் கும்பிட்ட, கதை சொன்ன தெய்வங்கள். கிரம்பின் கையில் அவர்கள் ஓரளவு கார்ட்டூன் பாத்திரங்கள். பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தேன். எந்தக் கோணத்திலிருந்தும் நிழல் உருவம் தெளிவாகப் புரிகிறது. தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தால்கூட இது யார் என்று சொல்லிவிடலாம். அனிமேஷனில் முதல் பாடமே அதுதான்: உருவத்தை மையால் முழுக்க நிரப்பினாலும் என்ன செய்கிறது என்று புரிய வேண்டும். களிமண்ணிலும் அந்தப் பாடத்தை அவர் விடவில்லை. 2023இல் தன் 93ஆவது வயதில் காலமானார். டீக்கியைக் கையில் எடுத்த கார்ட்டூன்காரர்கள் எல்லாருக்கும் அவர் முன்னோடி என்பது என் எண்ணம். ஷாக், யானிகர் எல்லாம் தூரிகை எடுப்பதற்கு முப்பது வருடம் முன்னாலேயே அவர் இதைச் செய்துவிட்டார்.

2003இல் டீக்கி ரூமின் நாற்பதாவது ஆண்டுக்குப் படம் வரைய டிஸ்னி அழைத்தது ஷாக்கை. 2005இல் டிஸ்னிலேண்டின் ஐம்பதாவது ஆண்டுக்கும் அவர்தான் வரைந்தார். கிரம்பின் சிலைகளை ஷாக் வரைந்த விதத்தை அச்சுப் படங்களில் பார்த்திருக்கிறேன். களிமண்ணின் கீறல், நிழல் எல்லாம் போய்விடும். தட்டையான வண்ணம், கத்தியால் வெட்டியது போன்ற ஓரம். சிலை திரும்பவும் வரைபடமாகிவிடும்.

இந்தத் தட்டையான பாணிக்கும் இங்கேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1941இல் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு வெளியேறியவர்கள் சேர்ந்து யூபிஏ என்ற ஸ்டுடியோவை உருவாக்கினார்கள். உருண்டையான, தசை அசையும் டிஸ்னி பாத்திரங்கள் அவர்களுக்கு வேண்டாம். கோணலான தலை, குச்சிக் கால், பின்னணியில் ஒரே வண்ணம், அதில் மிதக்கும் ஒரு நாற்காலி. 1950களின் விளம்பரமும் இசைத்தட்டு அட்டையும் வாழ்த்து அட்டையும் எல்லாம் அந்த வழியில் போயின. ஷாக்கின் மனிதர்களுக்கு அந்தக் குச்சிக் கால்கள் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டால், அந்த வேலைநிறுத்தத்திலிருந்து என்று தயங்காமல் சொல்வேன்.

தம்பி இரவு ஒன்பது மணிக்குத்தான் கிளம்பச் சம்மதித்தான்.

சனி, சான்டா ஆனா, பிறகு பாலைவனம்

பவர்ஸ் மியூசியம் இர்வைனிலிருந்து பக்கம். பசிபிக் தீவுகளின் கலைக்கென்று அங்கே ஒரு தொகுப்பு இருக்கிறது. நேற்றுப் பார்த்த கார்ட்டூன் தெய்வங்களின் நிஜ உறவினர்களைப் பார்க்காமல் இந்தப் பயணத்தைத் தொடர மனமில்லை.

முகமூடிகள், கேடயங்கள், விருந்துக்கான மரக் கிண்ணங்கள். முதலில் கண்ணில் படுவது, எல்லாமும் ஒரே மாதிரி இல்லை என்பது. நியூ கினியின் முகமூடி வேறு, பாலினீசிய உருவம் வேறு. இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல், தனித்தனி மொழிகள், தனித்தனி சடங்குகள். டீக்கி மதுக்கூடத்தில் ஈஸ்டர் தீவின் கல்தலையும் மாவோரிச் செதுக்கலும் நியூ கினி முகமூடியும் ஒரே சுவரில் தொங்கும். மதுக்கூடத்தில் இருக்கும்போது அது உறுத்தவில்லை. இங்கே நின்றபோது உறுத்தியது.

ஹவாயில் 1819இல் பழைய சமயக் கட்டுப்பாடுகளை அரச குடும்பமே கைவிட்டது. கோயில்களை இடித்தார்கள், சிலைகளை எரித்தார்கள். கூ என்ற தெய்வத்தின் ஆளுயரக் கோயில் சிலைகளில் இன்று உலகத்தில் மிச்சமிருப்பவை மூன்றுதான். ஒன்று ஹொனலுலுவில், ஒன்று லண்டனில், ஒன்று மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரில். கூவின் வாய் எட்டு வடிவில் பக்கவாட்டில் விரிந்திருக்கும். அந்த வாயைத்தான் நாம் மதுக் கோப்பையிலும் சட்டையிலும் பார்க்கிறோம். மூன்று சிலையாகச் சுருங்கிப்போன முகம், லட்சக்கணக்கான கோப்பைகளாகப் பெருகியிருக்கிறது. இதைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

"அப்ப இந்தப் பெயின்டிங் எல்லாம் தப்புங்கறீங்களா?" என்றான் தம்பி.

தப்பு என்று நான் நினைக்கவில்லை. நியூசிலாந்தில் டிக் ஃபிரிசெல் என்ற ஓவியர் இருக்கிறார். அவரும் விளம்பரத் துறையில் இருந்து வந்தவர். மாவோரி அல்லாதவர். 1992இல் டீக்கி உருவங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார். யாருடைய உருவத்தை யார் வரைவது என்று பெரிய விவாதம் எழுந்தது. 1997இல் ஒரு கல்லச்சுப் படம் வெளியிட்டார். வரிசையாகச் சில உருவங்கள். முதலில் மிக்கி மவுஸ். அடுத்ததில் காது கொஞ்சம் மாறுகிறது, அப்புறம் கண், அப்புறம் வாய். கடைசியில் நிற்பது டீக்கி. அனிமேஷனில் ஒரு படம் இன்னொரு படமாக மாறுவதை அப்படியே தாளில் பரப்பி வைத்திருக்கிறார். நியூசிலாந்தில் அந்தப் படம் இல்லாத வீடு குறைவு என்னும் அளவுக்கு விற்றது. அந்தப் படத்தை ரசித்தவர்களும் மாவோரிகளில் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. தம்பியிடம் நான் சொன்னது இதைத்தான்: ஷாக்கும் யானிகரும் வரைவது தீவுகளை அல்ல. அமெரிக்கா தீவுகளைப் பற்றிக் கண்ட கனவை வரைகிறார்கள். அந்தக் கனவே ஏற்கெனவே கார்ட்டூன்தான். உருவத்தில் நாலு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்ட கார்ட்டூன். அதை வரைய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நாலு கோடு யாருடையது என்று வரைபவரும் வாங்குபவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மியூசியத்துக்குள் அரை மணி நேரம் நின்றாலே போதும்.

"சரிக்கா. ஆனா சட்டைய போடலாம்ல?" என்றான். அவன் நேற்று டிஸ்னிலேண்டில் வாங்கிய சட்டை. போடலாம் என்றேன்.

விட்டியரில் ஓஷியானிக் ஆர்ட்ஸ் இருந்திருந்தால் வழியில் நிறுத்தியிருப்போம். 1956இலிருந்து உணவகங்களுக்கும் சினிமாக்களுக்கும் டீக்கி செதுக்கிக் கொடுத்த பட்டறை. 2021இல் மூடிவிட்டார்கள்.

91, 60, 10 என்று நெடுஞ்சாலை மாறி மாறி மூன்று மணி நேரம். சான் கோர்கோனியோ கணவாயில் மலையிடுக்கு முழுக்கக் காற்றாலைகள். அதைத் தாண்டியதும் காரின் வெப்பமானி சரசரவென்று ஏறியது. சான் ஹசின்டோ மலை மூவாயிரம் மீட்டருக்கு மேல் நேராக எழுந்து நிற்கிறது. அதன் அடியில் பாம் ஸ்பிரிங்ஸ்.

ஞாயிறு, பாம் ஸ்பிரிங்ஸ்

கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் ஊர் முழுக்கத் தீவு. 1964இல் கட்டிய கலியென்டே டிராபிக்ஸ் என்ற ஓட்டலின் முகப்புக் கூரை, தீவு வீட்டின் கூரை போலக் கூர்மையாக எழும்பியிருக்கிறது. ராயல் ஹவாயன் எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பை டொனால்ட் வெக்ஸ்லரும் ரிச்சர்ட் ஹாரிசனும் 1960களின் தொடக்கத்தில் கட்டினார்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் சுவருக்கு வெளியே வந்து, ஏழு என்ற எண்ணைப் போல மடங்கித் தரையில் இறங்குகின்றன. படகின் பக்கக் கட்டையை நினைத்துச் செய்தது. தெருவில் நின்று அதை மட்டும் நாலைந்து முறை வரைந்தேன். நவீன கட்டடக் கலையும் டீக்கியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்த ஊரில் இல்லை.

இந்த ஊரின் நிலத்தில் ஒரு பகுதி இன்றும் கவுய்யா பழங்குடியினரின் அகுவா கலியென்டே குழுவுக்குச் சொந்தம். சதுரங்கக் கட்டம் போல ஒரு சதுர மைல் அவர்களுடையது, அடுத்தது மற்றவர்களுடையது. வெளியூர்க்காரர்கள் தென்னைத் தீவை இங்கே கனவு கண்டார்கள். நிஜமான பனைக் காடுகள் ஊருக்குத் தெற்கே அந்தப் பழங்குடியினரின் பள்ளத்தாக்குகளில் எப்போதும் இருந்திருக்கின்றன.

வடக்கு பாம் கேன்யன் டிரைவில் ஷாக் கடை. 2010இல் திறந்தது. குளிரூட்டிய உள்ளறைக்குள் நுழைந்ததும் வண்ணம். ஆரஞ்சு, ஆலிவ் பச்சை, டர்க்காய்ஸ் நீலம், கடுகு மஞ்சள். இதை நான் கணினித் திரையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் திரை ஒளி விடும். இந்த வண்ணங்கள் ஒளி விடுவதில்லை, ஒரு துளி பளபளப்புகூட இல்லாமல் அமைதியாகத் தாளில் உட்கார்ந்திருக்கின்றன. பலகை மேல் அக்ரிலிக்கில் வரைபவர் ஷாக். இந்த வகை ஓவியர்கள் பலர் செல்-வினைல் என்ற வண்ணத்தை விரும்புவார்கள். அனிமேஷனில் செல்லுலாய்ட் தகடுகளில் பூசுவதற்காகவே செய்த வண்ணம் அது. ஒரே பூச்சில் அடியில் இருப்பதை மூடிவிடும், தூரிகைத் தடம் தெரியாது.

இங்கே அதிகம் விற்பது பட்டுத்திரை அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை. முதல் வண்ணம் அச்சாகிக் காய வேண்டும். அடுத்த திரையை முடியளவும் விலகாமல் பொருத்த வேண்டும். அப்படி ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஓவியத்தில் நிழலும் கலவையும் நிறைய இருந்தால் இது பெரும்பாடு. வண்ணங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் ஓரத்தோடு ஓரம் நின்றால் இதைவிடப் பொருத்தமான அச்சு முறை கிடையாது. விளிம்பில் சாய்த்துப் பார்த்தால் மை ஏறிய தடிமன் தெரிகிறது. விலை குறைந்த அச்சுப் பிரதி என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்குச் சம்மதமே இல்லை. இவர் வரைவது அச்சுக்கூடத்திலிருந்து வந்த கலை. அங்கேதான் அது சரியாக மூச்சு விடுகிறது.

சரி, படத்துக்குள் என்ன நடக்கிறது? கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. விருந்து. குச்சிக் கால்களில் மெலிந்த மனிதர்கள், கையில் கோப்பை. ஒரு பெண் யாரையோ பார்க்கிறாள், அந்த ஆள் வேறு எங்கோ பார்க்கிறான். மூலையில் டீக்கி சிலை, அல்லது பூனை, அல்லது சிவப்பாக ஒருவர். அந்த மூன்றாவது ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வெகு நேரம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இது ஒற்றைக் கட்டக் கார்ட்டூனின் அமைப்பு. நான் இருபது வருடமாக வரைவது இதுதான். ஒரு அறை, இரண்டு மூன்று பேர், ஒரு பொருத்தமில்லாத விஷயம், கீழே ஒரு வரி. அந்த வரி வந்ததும் வாசகர் சிரிக்கிறார், பக்கத்தைத் திருப்புகிறார். ஷாக் அறையை வைத்துக்கொண்டார், ஆட்களை வைத்துக்கொண்டார், பார்வைகளை எல்லாம் கணக்காக வைத்துக்கொண்டார். கீழே இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார். வரி இல்லாததால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அவள் ஏன் அவனைப் பார்க்கிறாள், அந்தச் சிலைக்கு என்ன தெரியும் என்று நின்றுகொண்டே இருக்கிறோம்.

கார்ட்டூனிலிருந்து ஓவியத்துக்கு "உயர்ந்தார்" என்று இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எங்கும் ஏறிப்போகவில்லை. கார்ட்டூனில் கற்றது எல்லாம் அங்கேயே இருக்கிறது. யாரை எங்கே நிறுத்துவது, கண் முதலில் எங்கே போக வேண்டும், எது தெரியாமல் இருக்க வேண்டும். இவை சின்ன வித்தைகள் இல்லை.

டீக்கி ஏன் இந்த ஓவியங்களுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதும் எனக்கு இங்கே விளங்கியது. டீக்கிக்கு ஒரே முகபாவம். சிரிக்கிறதா உறுமுகிறதா என்று சொல்ல முடியாது. சுற்றி நிற்பவர்களின் முகம் மாற மாற, அதன் முகமும் மாறுவதாக நமக்குத் தோன்றும். வாசகம் சொல்லாத கார்ட்டூனுக்கு அப்படிப்பட்ட ஒரு பாத்திரம்தான் வேண்டும்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, இதுல அந்த ஆளு மாட்டிக்கிட்டான்னு தோணுது. ஆனா எதுல மாட்டினான்னு தெரியல." ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்பவன். அவன் சொன்னதைவிடச் சரியாக நான் எதுவும் எழுதிவிடவில்லை.

அந்தப் படத்தையே வாங்கினேன். கடைக்காரப் பெண் பொறுமையாக மெல்லிய தாள் வைத்துச் சுருட்டி, குழாயில் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அதே தெருவில் பூட்லெக்கர் டீக்கி. டான் பீச் 1950களில் தன் பாம் ஸ்பிரிங்ஸ் கிளையைத் திறந்த அதே இடம். வியாழக்கிழமை தேடிக் கிடைக்காத சுவடு இங்கே இருட்டாகவும் சிவப்பாகவும் இருந்தது. கூட்டம் அதிகம். சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

திங்கள், திரும்பும் வழி

காலையில் காஃப்மன் வீட்டைத் தெருவில் இருந்தே பார்த்தோம். ரிச்சர்ட் நியூட்ரா 1946இல் கட்டியது. தனியார் வீடு, உள்ளே போக முடியாது. இந்த வீட்டின் நீச்சல் குளத்தருகே இரண்டு பெண்கள் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பதை ஸ்லிம் ஏரன்ஸ் 1970இல் எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. ஷாக்கின் விருந்துகள் நடக்கும் வீடுகளுக்கு இந்த வீடு நெருங்கிய சொந்தம். பின்னால் மலை, முன்னால் கிடையாக ஓடும் கூரை, நடுவில் ஆட்கள் நிற்க இடம். கட்டடக்காரரும் ஒரு மேடையைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அப்புறம் மறுபடி காற்றாலை, மறுபடி நெடுஞ்சாலை. பானிங் தாண்டும் வரை தம்பி பின் சீட்டில் இருக்கும் படத்துக்கு வாசகம் யோசித்துக்கொண்டே வந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் வேண்டாம் என்றேன். ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன. என் பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள். ஆனால் எந்த வரியை வைத்தாலும் அந்தப் பெண்ணின் பார்வைக்கு ஒரே அர்த்தம் ஆகிவிடுகிறது, சிலை வெறும் சிலையாகிவிடுகிறது.

"'சாமிக்குத் தெரியும்' அப்படின்னு போட்டா?"

"வேண்டாம்டா."

"இதுவும் வேண்டாமா? நல்லாதானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் வேண்டாம்."

ரிவர்சைடு வந்ததும் போக்குவரத்து நெரிசல். அவன் அடுத்ததை யோசிக்க ஆரம்பித்தான்.